ஆறடித் தொட்டியில் கிணற்று வரால்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கிற உங்களுக்கு அதன் லட்சணம் தெரியாது. அச்சில் எல்லார் எழுத்தும் ஒரே அழகுதான். இதைப் பிரித்துப் படித்து, ழகரத்தையும் ளகரத்தையும் அதனதன் இடத்தில் வைத்து அச்சுக்குக் கொடுக்கிறவருக்குத்தான் கஷ்டம். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையில் பிடித்தது கொத்தனின் கரண்டியும் தூக்குக்குண்டும்தான். சுவரை நேராக ஏற்றுகிற கை, தாளில் ஒரு வரியை நேராகக் கொண்டுபோக மாட்டேன் என்கிறது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் பள்ளிக்கூடத்துச் சுவர் கட்டிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த பாறசாலைக்காரர் ஒருவர், "உங்கள் வீட்டில் ஆறடி மீன் தொட்டி ஒன்று இருந்ததே, அதை எழுதவில்லையே" என்று கேட்டிருந்தார். இவ்வளவு நாளும் வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

பதினாறு

ஒரு காலை நேரம். கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்று மீன்களை எண்ணுகிறேன். பதினாறு. மறுபடியும் எண்ணுகிறேன். பதினாறுதான். முந்தின நாள் மாலை இருபத்தொன்று இருந்தன.

எதுவும் செத்து மிதக்கவில்லை. துள்ளித் தரையில் விழுந்து கிடக்கவும் இல்லை. மேலே கண்ணாடி மூடி வைத்தது வைத்தபடி இருக்கிறது. மோட்டார் சின்னச் சத்தத்தோடு குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. அடியில் ஓட்டுத் துண்டின் பக்கத்தில் எங்கள் வரால் மட்டும் அசையாமல், ஊர்ப் பெரிய மனிதர் போல நின்றது.

என் மனைவியின் தம்பி ஜஸ்டஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"பூச்சை கொண்டு போயிருக்கும் அளியா."

"மூடி இருக்கே."

"பூச்சைக்கு மூடி தொறக்கத் தெரியாதா? தின்னுட்டுத் திரும்ப மூடி வச்சிட்டுப் போயிருக்கும். மரியாதயுள்ள பூச்சை."

பூனை மூடியைத் திறந்து மூடிய கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தர் வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது.

எஸ்தரின் கடிதம்

எஸ்தர் என் மனைவி. பத்தாம் வகுப்பு தேறியவள். மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் அப்போது மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் அப்போது இல்லை. வீட்டில் நான் ஒருவன்.

முதலில் போக வேண்டியவன் நான்தான். கொத்தனுக்கு விசா உண்டு என்று திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜண்ட் கூப்பிட்டிருந்தார். அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கேட்டபோதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு சுவர் கட்டிக் காட்டு என்றால் கட்டியிருப்பேன். பேசச் சொன்னார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் எஸ்தர் என்னைக் குறை சொல்லவில்லை. பாலராமபுரம் தாண்டியதும், "அப்பம் நான் போறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கு ஒரு ஆண் கல்ஃபில் இருந்தான். பெண்கள் இங்கே இருந்து கடிதம் போட்டார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். "பெண்ணாட்டிய ஏரோப்ளேன்ல கேத்தி விட்டுட்டு ஞானமுத்து சோறு வடிக்கியான்" என்று சாயாக்கடையில் சொல்வார்கள். நான் கேட்காதது போலப் பப்படம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஓலைக்கூரையைப் பிரித்து கான்கிரீட் வார்ப்பு வீடு போடுவது வரைக்கும் என்று சொல்லித்தான் அவள் போனாள். வீடு வார்த்தாயிற்று. அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டி ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தேன்.

"இந்த வீட்டில் ஒரு மீன் தொட்டி உண்டு. நம்ம தொழுவத்துச் சுவரின் நீளம் வரும். எத்தனையோ ஜாதி மீன். ஒன்றோடொன்று சண்டையே போடாது. வேலை தீர்ந்தால் அதன் முன்னால் பத்து நிமிடம் இருப்பேன். வீட்டை நினைத்து அழாமல் இருப்பது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அடுத்து நாற்பது நாள் லீவில் வருவேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பு போடச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நம்ம கிணற்றில் வரால் உண்டா?"

பதில் எழுதியது ஜஸ்டஸ். எப்போதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவான். நான் சொல்லச் சொல்ல எழுதுவான்.

"ஒப்பு போடட்டாண்ணு கேட்டிருக்கா. என்ன எழுத அளியா?"

போடாதே, வந்துவிடு என்று நெஞ்சுக்குள் இருந்தது. அதை அவளுடைய தம்பியிடம் எப்படிச் சொல்வது? அவன் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

"உனக்கு இஷ்டம் போலண்ணு எழுது. வரால் உண்டுண்ணும் எழுது."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்கு அந்தப் பத்து நிமிடம் இங்கேயே கிடைத்தால் ஒருவேளை போகமாட்டாள். என் வாயால் சொல்ல முடியாததைத் தொட்டி சொல்லட்டும்.

வாயப் பாரு

தொட்டி கட்டுவது எனக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் நிறைத்தால் அரை டன்னுக்கு மேல் கனம் வரும். அதைத் தாங்க முன்னறையில் செங்கல்லில் ஒரு மேடை கட்டினேன். தடித்த கண்ணாடியைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அறுத்து வாங்கினேன். ஒட்டுகிற பசையைப் பெருங்கடவிளைக்காரன் ஒருவன் துபாயிலிருந்து வரும்போது கொண்டு வந்தான். கிணற்று நீரை நிறைத்து இரண்டு வாரம் சும்மா விட்டேன். ஒரு சொட்டுக் கசியவில்லை.

கஷ்டம் மீனில்தான் வந்தது.

நெய்யாற்றின்கரையில் வளர்ப்பு மீன் விற்றவர் சூசையண்ணன். சொந்த ஊர் பொழியூர். வீட்டைக் கடல் எடுத்த பிறகு அவர் வலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடை போட்டார். அவருடைய ஆட்கள் கடை வாசலில் நின்று, "எலே சூசை, கறி வைக்க ஒக்காத மீன விக்க ஒனக்கு வெக்கமில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பஸ்ஸில் மூன்று தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பழகியதை அவரிடம் சொன்னேன். "எல்லா ஜாதியிலயும் ஒவ்வொண்ணு வேணும்."

"ஒவ்வொண்ணா? கல்யாணச் சாப்பாடா மக்கா, எல்லாக் கூட்டானுலயும் ஒரு கரண்டி வைக்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலைத் தணித்தார்.

"மீனு வாங்கும்பம் நெறத்தப் பாக்காத. வாயப் பாரு. இவனுக்க வாய்க்குள்ள அவன் போவானா? போவானெங்கி ரெண்டுபேரும் ஒரு வீட்டுல இருக்க ஒக்காது. இண்ணைக்கு இல்லெங்கி நாளைக்கு."

புலி போல வரி போட்ட ஒரு மீனைக் காட்டினேன்.

"அவன் வாலு கடிச்சான். ஏஞ்சல் மீனுக்க றெக்கை நீளம், நடை பைய. இவன் சும்மா விடுவானா?"

"தங்கமீன்?"

"தின்னும், தூறும், வேற சோலி இல்ல. அதுக்குக் குளுந்த வெள்ளம் வேணும். தனியா வளக்கணும்."

"இந்தக் கறுப்பு?"

"மோளி. ஒனக்கக் கிணத்து வெள்ளம் அவளுக்குச் சேராது. ஒரு பிடி உப்பு கேப்பா. உப்பு போட்டா மத்தவன் வாடுவான்."

பிறகு அவர் என் கையைப் பார்த்தார். சிமெண்டு தின்ற கை.

"நீ கொத்தனாக்கும், இல்லியா? மாடி வீடு கெட்டுகது போல நெனைச்சுக்க. மேல ஓடுகவன் ஒரு கூட்டம், நடுவுல நிக்கவன் ஒரு கூட்டம், அடியில மேயுகவன் ஒரு கூட்டம். அப்பம் ஒருத்தன் வழியில ஒருத்தன் வரமாட்டான். கூட்டமா வாழுகவனத் தனியா விட்டா பயந்தே சாவான்."

மேலே ஓடுவதற்கு நீளவாக்கில் வரி போட்ட வேறு சின்ன மீன் பத்து. நடுவுக்கு ஏஞ்சல் நாலு, கௌராமி மூன்று. கௌராமியில் ஆண் ஒன்றுதான். இரண்டானால் அடி உண்டு. அடியில் மேய மீசை மீன் நாலு. ஆக இருபத்தொன்று. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒன்றின் வாய்க்குள் ஒன்று போகாத அளவு. ஒரேயடியாக விடாமல் நாலு தடவையாக விடச் சொன்னார்.

"ஆருக்காக்கும் இது?"

"வீட்டுக்காரிக்கு."

"அவ எங்க?"

"மஸ்கட்டுல. லீவுக்கு வாறா."

அவர் ஏற்கெனவே பிடித்திருந்த ஒரு ஏஞ்சலைத் திரும்ப விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். "வழவழண்ணு ஒரு கல்லு சாய்ச்சு வை. ஏஞ்சலுக்குப் பிடிக்கும்."

வீட்டில் வழவழப்பாக இருந்தது என் பழைய பள்ளிக்கூடத்துச் சிலேட்டுதான். சட்டத்தைக் கழற்றிக் கழுவி, தொட்டியில் சாய்த்து வைத்தேன்.

ஒரு மாதம் அந்தத் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. வேலை விட்டு வந்து கால் கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பத்து நிமிடம் என்று அவள் எழுதியிருந்தாள். நான் ஒரு மணி நேரம் உட்காருவேன்.

பத்து செண்டும் ஒரு வராலும்

இந்த இடத்தில் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது வெறும் மடத்தனமாகத் தெரியும்.

என் அப்பா ஜன்மி என்கிற நிலச் சொந்தக்காரர் ஒருவரின் தோப்பில் குடிகிடப்புக்காரர். அதாவது அவர்கள் நிலத்தில் குடிசை போட்டு, அவர்கள் வேலையைச் செய்து கிடப்பவர். அவர்கள் கிணற்றில் தண்ணீர் கோர எங்கள் பாளை இறங்கக் கூடாது. அம்மா வாய்க்கால் நீரைத் துணியில் வடித்துக் குடமெடுத்து வந்தாள். நிலச் சட்டம் வந்து, குடிசை நின்ற பத்து செண்டு எங்கள் பெயருக்குப் பதிந்து கிடைத்ததும், அப்பா கூரையைக்கூட மாற்றவில்லை. கிணறு தோண்டினார். செம்பாறையை வெட்டி வெட்டிப் பத்துப் பன்னிரண்டு கோல் ஆழம் போனதும் ஊற்று கண்டது.

நீர் தெளிந்த அன்று ஏலா என்கிற வயல்வெளிக்குப் போய், வாய்க்காலில் ஒரு வரால் குஞ்சைப் பிடித்து வந்து கிணற்றில் விட்டார். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு ஒரு வரால் வேண்டும். புழுவையும் கொசுக் குஞ்சையும் அது தின்றுவிடும். அப்பாவுக்கு அதற்கும் மேலே ஒரு நினைப்பு. "கிணத்துல வரால் நிண்ணா வெள்ளம் நமக்குள்ளதாக்கும்" என்பார்.

அதற்குப் பிறகு ஒன்று போனால் ஒன்று என்று விட்டு வந்தோம். கடைசியாக விட்டது எஸ்தர். மஸ்கட் போவதற்கு முந்தின வாரம், விரல் நீளக் குஞ்சு. தினமும் ஒரு பிடி சோற்றைப் போட்டுவிட்டு அதோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு நான் சோறு போட்டு வந்தேன். ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருந்தது. கடிதத்தில் எல்லாம் அவள் மறக்காமல் கேட்டது அதைத்தான்.

அவள் வர இரண்டு வாரம் இருக்கும்போது தோன்றியது: வெளிநாட்டு மீன்களோடு அவளுடைய வராலும் தொட்டியில் நின்றால் எப்படி இருக்கும்! சோறு தின்று வளர்ந்த மீன். கிணற்றைச் சுத்தமாக வைத்தது, தொட்டியையும் சுத்தமாக வைக்கும் என்று நினைத்தேன். சூசையண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொரு முறை கல்யாணச் சாப்பாடு கதை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

வாளியில் ஒரு பிடி சோறிட்டு இறக்கினேன். வரால் தானே வந்து வாளிக்குள் ஏறியது.

மூன்று நாள்

பதினாறு பன்னிரண்டானது. பன்னிரண்டு ஏழானது. பூனையைத் துரத்தினேன். ஜஸ்டஸையே சந்தேகப்பட்டேன். ஒரு மத்தியானம் தொட்டி முன்னால் பாய் போட்டு உட்கார்ந்து காவல் இருந்தேன். வரால் அசையவே இல்லை. ஒரு ஏஞ்சல் அதன் பக்கமாகத் திரும்பியது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. வராலின் வாயோரத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் துடுப்பு மட்டும் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டு நின்றது.

அன்றே நெய்யாற்றின்கரைக்கு ஓடினேன். கேட்டதும் சூசையண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வராலா? எலே, வராலயா போட்ட! வாயப் பாக்கணும்ணு ஒனக்குப் படிச்சுப் படிச்சு சொன்னனே!"

"அது சோறு தின்னும் அண்ணா. வீட்டுல உள்ளது."

"வீட்டுல உள்ளதுண்ணா வாய் இல்லாம இருக்குமா?"

புதுச் சரக்கு அடுத்த மாதம்தான் வரும் என்றார். கடையில் வாலு கடிச்சான்தான் மிச்சம் இருந்தது. "அதுவேணும்ணா கொண்டு போ" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் மக்கா. மிச்சம் உள்ளது போதும்" என்றார்.

வராலைத் திரும்பக் கிணற்றில் விட்டேன். பயத்தில் ஒடுங்கியிருந்த மற்றவையும் அடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. எஸ்தர் வந்து இறங்கிய அன்று ஆறடித் தொட்டியில் மிச்சம் இரண்டு ஏஞ்சல். ஒன்றின் வால் பாதி இல்லை.

நாற்பது நாள்

வந்தவள் பெட்டியை வைத்துவிட்டு முதலில் கிணற்றங்கரைக்குத்தான் போனாள். ஒரு பிடி சோற்றைப் போட்டு, "எங்க மக்கா, காணல்லியே?" என்றாள். தொட்டியிலிருந்து திரும்பிய பிறகு என் நிழலைக் கண்டாலே ஆழத்துக்குப் போய்விடுகிற வரால், மூன்று வருடம் கழித்து அவள் குரலுக்கு மேலே வந்தது.

பிறகு முன்னறையில் தொட்டியைப் பார்த்தாள். அவ்வளவு தண்ணீர், இரண்டு மீன், ஒரு சிலேட்டு. நான் நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அங்கே உட்காருவாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்காருவேன். லீவு முடிகிற வாரத்தில் ஒரு நாள் சொன்னாள்:

"அங்க தொட்டியில சண்டையே இல்லண்ணு எழுதினேனே."

"ம்."

"பொய்யாக்கும் அது."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"காலத்த எழும்பினா எனக்கு மொதல் சோலி அதாக்கும். செத்தத, கடிபட்டத எல்லாம் எடுத்து மாத்தணும். பிள்ளையள் எழும்பி வரும்முன்ன. டிறைவர் அதே நெறத்துல வேற வாங்கிட்டு வந்து விடுவான். பிள்ளையளுக்கு அது ஒரு நாளும் சாவாத மீனு."

"பின்னே எதுக்கு அப்படி எழுதின?"

"வீட்டுக்கு எழுதும்பம் செத்த மீனயா எழுத ஒக்கும்?"

பிறகு அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒப்பு போடணும்ணு சொல்லியாங்க. நான் என்ன சொல்லட்டு?"

அவள் கேட்டுவிட்டாள். கடிதம் இல்லை, தம்பி இல்லை, நடுவில் யாருமே இல்லை. நான் தொட்டி கட்டியது இந்த ஒரு கேள்விக்குத்தான். போகாதே என்பது ஒரே ஒரு சொல். எனக்கு அந்த நாலு பேர் உட்கார்ந்திருந்த அறை ஞாபகம் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இந்த வெள்ளம் மாத்தணும்" என்றேன்.

அவள் எழுந்து வாளியை எடுத்து வந்தாள். இரண்டு பேருமாகத் தண்ணீர் மாற்றினோம்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு திரும்பி நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. இந்தப் பக்கம் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

சிலேட்டு

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும். வேலைக்குப் புறப்படும்போது பார்க்கிறேன், இரண்டு ஏஞ்சலும் சிலேட்டின் முன்னால் நிற்கின்றன. அசையாமல், மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டு. குனிந்து பார்த்தேன். சிலேட்டின் மேல் கடுகு கடுகாக முட்டைகள். வரிவரியாக இட்டிருந்தது. நான் அந்தச் சிலேட்டில் எழுதிய எதுவும் அத்தனை நேராக இருந்ததில்லை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் முட்டை ஒன்றும் இல்லை. அவையே தின்றுவிட்டிருந்தன. சூசையண்ணனிடம் போய்ச் சொன்னேன். "மொதல் தடவை தின்னும். அதுக்குத் தெரியாது. பின்னும் இடும், பாரு" என்றார்.

இதை எஸ்தருக்குச் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டஸ் வந்து பேனாவைத் திறந்தான்.

"என்ன எழுத அளியா?"

"இண்ணைக்கு நான் எழுதுகேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பேனாவக் கரண்டி போலப் பிடிக்கப்பிடாது, கேட்டியளா?" என்று என் கையில் கொடுத்துவிட்டு, நான் சொல்லாமலே வெளியே போய்க் கிணற்றைப் பார்த்து நின்றான்.

எழுதி முடிக்க மத்தியானம் ஆனது.

ஒப்பு போட்ட இரண்டு வருடத்தையும் முடித்த பிறகுதான் எஸ்தரை அந்த வீட்டுக்காரர்கள் விட்டார்கள். வந்த பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் பெட்டி ஒதுக்கும்போது அவளுடைய பழைய பாஸ்போர்ட்டுக்குள் அது இருந்தது. மடித்து மடித்து நாலு துண்டாகப் பிரிந்து போனதை, பின்னால் தாள் வைத்து ஒட்டியிருந்தாள். பத்திரிகையில் போடலாமா என்று கேட்டேன். "ஒங்க எழுத்து ஆருக்கு மனசிலாவும்? போடுங்க" என்றாள்.

அது இதுதான்.

"எஸ்தருக்கு. இதை எழுதுவது நான். ஜஸ்டஸ் இல்லை. ஏஞ்சல் சிலேட்டில் முட்டை இட்டது. மறுநாள் தின்றுவிட்டது. பின்னும் இடும் என்று சூசையண்ணன் சொல்கிறார். கிணற்றில் வரால் உண்டு. நான் சோறு போட்டால் மேலே வருவதில்லை. ஒப்பு தீர்ந்ததும் இனிப் போட வேண்டாம். நீ வா. நாற்பது நாளும் இதைத்தான் சொல்ல இருந்தேன்.

மகர மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை."